மூன்றாமிட ஆட்டத்துக்கு வந்த கூட்டம்

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொன்னது அம்மா. நானாகக் கேட்டிருக்க மாட்டேன். போன மாதம் போனில் நீ கத்திய கத்தலில் என் வலது காது இன்னும் என்னோடு பேசவில்லை. ஒரு ஸ்வெட்டருக்காக இவ்வளவா?

அம்மாவின் தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். “போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல சண்டை. இனிமே ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்கங்க. எழுதினா கை வலிக்கும், திட்டறது குறையும்.” சொன்னது போலவே இப்போதே கை வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கால்பந்து கிளப்புக்கு நான்தான் இந்த வருடம் கேப்டன். தேர்தலெல்லாம் இல்லை, வேறு யாரும் கை தூக்கவில்லை. கிளப் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கல்லூரி எங்களுக்குத் தருவது பாதி மைதானம், அதுவும் ஓட்டப்பந்தயக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு. பயிற்சியாளர் கிடையாது. வேன் பிடிப்பதிலிருந்து சட்டை துவைப்பது வரை நாங்களேதான். கோலில் ஏணி நிற்கிறாள். குனியாமல் எங்கள் விடுதி அறைக்குள் அவளால் வர முடியாது. முன்னால் சூறாவளி. கிண்டலாக வைத்த பெயர்தான், அவள் ஓடினால் யாரோ கடைக்குப் போவது போலிருக்கும். ஆனால் பந்து அவள் காலைவிட்டு நகராது. எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று நீ கேட்க மாட்டாய்.

எட்டுக் கல்லூரிகள் மோதும் லீக். முதல் நான்கு இடம் பிடித்தால் ஜனவரியில் மண்டலப் போட்டி. போன வருடம் நாங்கள் எட்டாமிடம். அதற்குக் கீழே இடமே இல்லை என்பதால் நிம்மதியாக இருக்கிறேன்.

பதில் போடு. பஸ்ஸை மெதுவாக ஓட்டு.

உன் அருமைத் தங்கை


செப்டம்பர் 24

வாலுக்கு அக்காவின் அன்பு.

இங்கே நலம்தான். முதுகு மட்டும் டிரைவர் சீட்டின் வடிவத்துக்கு வந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஸ்வெட்டர் வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது, தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

கேப்டனுக்கு வாழ்த்து. எங்கள் டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் ஒருத்தி ஆடுகிறவள், ஒருத்தி ஆடுகிறவர்களை ஆட்டுகிறவள். அம்மா பாவம்தான்.

போன ஞாயிறு தொழிற்சாலை லீகில் நடுவராகப் போயிருந்தேன். ஆஃப்சைடு கொடுத்ததும் மீசைக்காரர் ஒருவர் மூக்குக்கு நேரே வந்து, “கண்ணாடி வாங்கிப் போடும்மா” என்றார். “எங்கம்மா கண்ணாடிக் கடையிலதான் வேலை பாக்கறாங்க, உங்களுக்குத் தள்ளுபடியில சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டு மஞ்சள் அட்டையைக் காட்டினேன். அவருடைய அணிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

என் விஷயம் அப்படியே இருக்கிறது. முதல் நிலை நடுவராக வேண்டுமானால் தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க, பெரிய ஆட்டம் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும். அந்தப் பெரிய ஆட்டம்தான் என் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் சீனியர் ஒருவர் முந்திக்கொள்கிறார். போகட்டும். பஸ் ஓட்டுகிறவளுக்குக் காத்திருப்பது புதிதா? பாதி வாழ்க்கை சிக்னலில்தானே போகிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுது. தோற்றாலும் எழுது.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்கா,

உன் முதுகு தேவலையா? எனக்கு உடம்பு முழுக்க நலம், மானம் மட்டும் கொஞ்சம் சரியில்லை.

முதல் ஆட்டம் பொறியியல் கல்லூரியோடு. ஐந்துக்குப் பூஜ்யம். அதில் ஒன்று நான் போட்டது, நம் கோலிலேயே. பந்தை ஏணியிடம் தட்டிவிட்டேன். அவள் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.  வேனில் திரும்பும்போது சூறாவளி மெதுவாகச் சொன்னாள்: “மேஸ்திரி, நம்ம டீம்ல கோல் போடத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது டிரா. மூன்றாவது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியோடு. அக்கா, ஜெயித்துவிட்டோம்! மைதானம் முழுக்கச் சேறு. அவர்கள் வேகமாக ஓடி ஓடி வழுக்கி விழுந்தார்கள். சூறாவளிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அவள் எங்கே ஓடினாள்? நடந்தே போய் இரண்டு கோல். முடிந்ததும் விழுந்து புரண்டு கொண்டாடிவிட்டோம். சட்டை துவைக்கும் முறை என்னுடையது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கை சிவந்துபோன,
தங்கை


அக்டோபர் 30

என் வெற்றிவீராங்கனைக்கு,

சுகமாக இருக்கிறேன். சேற்றுச் சட்டையை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வை, சுடுதண்ணீரில் போட்டால் கறை போகவே போகாது.

உன் கடிதத்தை எங்கள் கண்டக்டர் அண்ணனுக்குப் படித்துக் காட்டியது தப்பாகப் போயிற்று. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும், “நம்ம பொண்ணுங்க என்னாச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் விசிலே கொடுக்கிறார். நீங்கள் ஜெயித்த செய்தி வந்த அன்று படியில் நின்றுகொண்டு பஸ் முழுவதற்கும் அறிவித்தார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, தன் நிறுத்தம் வந்துவிட்டது என்று இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஆட்டம் என்றைக்கு? அவருக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கும், கண்டக்டர் அண்ணனுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்கப்புறமும் தொடர்ந்து மூன்று வெற்றி! எழுத்துப் பிழை இல்லை, மூன்று. நான்காமிடத்தில் நிற்கிறோம். கடைசி ஆட்டம் விவசாயக் கல்லூரியோடு, அதில் ஜெயித்தால் மண்டலப் போட்டி.

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். “நம்ம காலேஜ்ல புட்பால் டீம் இருக்கா?” என்று உடற்கல்வி ஆசிரியரிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. விழாதது போல் நின்றேன்.

உனக்குப் பெரிய ஆட்டம் ஏதாவது கொடுத்தார்களா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

தங்கை


டிசம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, டிப்போவில் இரண்டு பேர் விடுப்பு.

ஒன்று கேட்க வேண்டும். நான்காமிடம் வந்தால் அரையிறுதியில் முதலிடத்துக்காரர்களோடுதானே மோத வேண்டும்? இப்போது முதலிடத்தில் மருத்துவக் கல்லூரியா? அவர்கள் நல்ல பலமான அணி. நான் பார்த்திருக்கிறேன்.

குளிர் அதிகம், காதை மூடிக்கொண்டு போ.

அக்கா


டிசம்பர் 11

அக்காவுக்கு,

நான் நலம்.

விவசாயக் கல்லூரியை ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. நான்காமிடம். ஜனவரி கடைசியில் மண்டலப் போட்டி: சனிக்கிழமை இரண்டு அரையிறுதி, ஞாயிறு காலை மூன்றாமிட ஆட்டம், மாலையில் இறுதி ஆட்டம். ஆமாம், எங்களுக்கு மருத்துவக் கல்லூரிதான். ஆமாம், பலமான அணிதான். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், கேன்டீன்காரர் உட்பட. நீயும் சொல்ல வேண்டுமா? மூன்று வெற்றி என்று எழுதினேன், ஒரு வரி சந்தோஷப்படவில்லை. பெரிய ஆட்டம் வந்ததா என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. காதை மூடச் சொல்கிறாய்.

கண்டக்டர் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடு, ஜெயித்தோம் என்று.

தங்கை


டிசம்பர் 23

செல்லக் குட்டிக்கு அம்மாவின் ஆசி.

நான் நன்றாக இருக்கிறேன். கடையில் வருடக் கடைசித் தள்ளுபடி, கூட்டம் தாங்கவில்லை. இரவில் கால் கொஞ்சம் வீங்குகிறது, உடனே பயந்து போன் செய்யாதே.

அக்காவோடு கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் வந்திருந்தாள். உன் கடுதாசியைக் கடையில் நின்றே எனக்குப் படித்துக் காட்டினாள். கேன்டீன்காரரிடம் வரும்போது இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் சொல்லாமலே ஒரு துணியை எடுத்துக்கொண்டு அலமாரியில் இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே மனசில் ஏதாவது இருந்தால் அவள் எதையாவது துடைப்பாள். உனக்குத் தெரியும்.

புதுசாகக் கறுப்பு உடுப்பு தைக்கக் கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன், சொன்னாள். உன்னிடம் சொல்லாதே என்றும் சொன்னாள். அதனால் சொல்லவில்லை. “ஏன்டி, தங்கச்சிகிட்ட என்ன ஒளிவு மறைவு?” என்றதற்கு, “அவ கால் லேசா இருக்கணும்மா” என்றாள். எனக்கு உங்கள் ஆட்டமே புரியாது, இது எங்கே புரியப் போகிறது?

நன்றாகத் தூங்கு. எதிரில் வருகிறவளை இடித்துத் தள்ளாதே, அவளையும் ஒரு தாய்தான் பெற்றிருப்பாள்.

அம்மா


ஜனவரி 12

என் வாலுக்கு,

நான் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக முட்டியும் கணுக்காலும்.

ஒரு வரி சந்தோஷப்படவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வெற்றிச் செய்தி வந்த அன்று பஸ்ஸில் ஹாரனை நான் அடித்த அடியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். எழுதத்தான் விட்டுப் போயிற்று.

மண்டலப் போட்டிக்கு நானும் வருவேன், நடுவர் குழுவில். மைதானத்தில் என்னைப் பார்த்தால் ஓடி வராதே, பேசாதே. ஆட்டம் முடியும்வரை நடுவர்கள் ஆட்டக்காரர்களோடு பழகக் கூடாது. முறைத்துக்கொண்டு போனேன் என்று அம்மாவிடம் புகார் வாசிக்காதே.

ஒன்றே ஒன்று. முழு மூச்சோடு ஆடு. யாருக்காகவும், எதற்காகவும் ஒரு பந்தைக்கூட விடாதே.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஞாயிறு ராத்திரி டிப்போ வேலைக்கு ஓட வேண்டும் என்று இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் கிளம்பிவிட்டாய். அந்த இரண்டு வார்த்தையும், “தண்ணி குடி.” எனவே நான் பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ சொன்னபடியே உன் பக்கம் திரும்பவில்லை. நடுவர்கள் வரிசையில் புதுக் கறுப்பு உடுப்பில், யாரோ போல் உட்கார்ந்திருந்தாய். கோட்டோரம் நிற்கும் உதவி நடுவராக வந்திருக்கிறாய், என்னைப் பதற்றப்படுத்த வேண்டாமென்று மறைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். அம்மாவின் கடிதத்தை நான் புரிந்துகொண்ட லட்சணம் அது.

மருத்துவக் கல்லூரிக்காரிகள் அன்று எங்களைச் சும்மா விடவில்லை. முதல் பாதியில் ஒரு கோல். ஏணி மட்டும் இல்லையென்றால் ஆறு வாங்கியிருப்போம். இரண்டாம் பாதியில் சூறாவளி தன் வழக்கப்படி கடைக்குப் போகிறவள் போல் போய் ஒன்றைத் திருப்பினாள். முடிகிற நேரத்தில் அவளைப் பெனால்டி எல்லைக்குள் கீழே தள்ளிவிட்டார்கள். பெனால்டி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

பந்தை எடுத்து வைத்தேன், அடித்தேன். வலை அசைந்ததைத்தான் பார்த்தேன். அப்புறம் என் மேல் பத்துப் பேர்.

இரண்டுக்கு ஒன்று. இறுதி ஆட்டம்! ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பக்கம் அழுதுகொண்டிருக்க, நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் உங்கள் குழுவைச் சேர்ந்த லைன்ஸ்மேன், வழுக்கைத் தலைப் புவியியல் வாத்தியார், முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“அந்த பஸ் டிரைவரம்மா தங்கச்சி நீதானே?” என்றார்.

“ஆமா சார்.”

“நல்லா ஆடினேம்மா. பாவம், உங்கக்காவுக்குத்தான் பைனல் போச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இறுதி ஆட்டத்துக்கு நவம்பரிலேயே உன்னைத்தான் நடுவராகப் போட்டிருந்தார்கள். தேர்வாளர் வருவதே உன்னைப் பார்க்கத்தான். தங்கை ஆடுகிறாள் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். எங்கள் அணி இறுதிக்கு வந்தால் உனக்கு மூன்றாமிட ஆட்டம், வங்கியில் வேலை பார்க்கும் இன்னொரு நடுவருக்கு இறுதி. “ரெண்டு மாசமா உங்க டீம் ரிசல்ட்ட அவங்க கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்ல” என்றார்.

பாட்டில் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. உன் ஆட்டத்தை, நீ இத்தனை வருடம் காத்திருந்ததை, நான் என் காலாலேயே உதைத்துத் தள்ளியிருக்கிறேன். நீயோ ஒரு பந்தைக்கூட விடாதே என்று எழுதியிருக்கிறாய்.

அறைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன்.  ஏணிதான் கேட்டாள்: “மூணாமிட ஆட்டத்துக்கு யாராவது போவாங்களா?”

“யாரு போவா? தோத்தவங்க ரெண்டு பேரும் ஆடுறாங்க” என்றேன்.

“அப்ப நாம போவோம்.”

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. காலையில் பனி விலகாத மைதானத்தில், இரண்டு அணிகளுக்கும் யாருமில்லாத இடத்தில், நடுவருக்கென்று ஒரு கூட்டம். நீ விசில் ஊதினால் கைதட்டினோம். த்ரோ-இன் கொடுத்தால் கைதட்டினோம். மஞ்சள் அட்டை எடுத்தபோது சூறாவளி எழுந்து நின்று, “சூப்பர் அட்டை!” என்று கத்தினாள். மருத்துவக் கல்லூரி கேப்டனே ஆட்டத்தின் நடுவில் நின்று, “இவளுங்க யாரு பக்கம்?” என்று கேட்டாள். நீ கோட்டோரம் வந்து முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இன்னொரு சத்தம் வந்துச்சு, கூண்டோட வெளிய அனுப்பிடுவேன்” என்றாய். உடனே திரும்பிவிட்டாய். ஆனால் உன் காது சிவந்திருந்தது, அக்கா. பார்த்துவிட்டேன்.

மாலையில் பொறியியல் கல்லூரியிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அது பரவாயில்லை. அந்த மூன்றாவது கோல் மட்டும் சத்தியமாக ஆஃப்சைடு. நீ நடுவராக இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் அந்தப் பெனால்டியை எப்படி அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அது தெரியாமலே போனது நல்லது.

பதில் போடு. இந்தத் தடவை தாமதிக்காதே.

உன் தங்கை


மார்ச் 14

அன்பே உருவான வாலுக்கு,

தாமதித்துவிட்டேன், திட்டாதே. நலமாக இருக்கிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது கடையில் நாற்காலி போட்டுத் தந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். அந்த மூன்றாவது கோல் ஆஃப்சைடு இல்லை. உங்கள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி கோல் போட்டவளைவிட ஓர் அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் இருந்திருந்தாலும் கோல்தான் கொடுத்திருப்பேன். அப்புறம் நீ என்னோடு வருடக்கணக்கில் பேசியிருக்க மாட்டாய். ஆக, வங்கிக்காரர் நம் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

சனிக்கிழமை நீ பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். உண்மையை எழுதுகிறேன். ஒருத்தி, பந்து கோலுக்கு மேலே போகட்டும் என்று நினைத்தாள். ஒரு கணம்தான், ஆனால் நினைத்தாள். நீ அடித்தாய். அடுத்து எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் புவியியல் வாத்தியார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “உக்காருங்கம்மா, நீங்க நடுவரு” என்றதுதான். நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேனாம். என்ன கத்தினேன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மேலே போகட்டும் என்றவளுக்கு நாற்காலியில் இடமில்லை.

ஞாயிறு காலையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் மைதானத்தில் என்னை நோக்கி வந்த சத்தமெல்லாம் திட்டுதான். அது பழகிவிட்டது, திட்டினால் என் கால் தடுமாறாது. ஆனால் நீங்கள் கைதட்டியபோது தடுமாறியது. ஒரு கார்னரைத் தப்பாக கோல்-கிக் என்று கொடுக்கப் பார்த்தேன். அதனால்தான் வந்து மிரட்டினேன். கோபமில்லை. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள், எனக்கு வேலை ஓடாது.

கடைசியாக ஒரு செய்தி. நடுவர் சங்கத்திலிருந்து நேற்றுச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருட மண்டல இறுதி ஆட்டமும் எனக்கே, தேர்வாளர் மறுபடி வருவார். நிபந்தனையும் அதேதான்: உங்கள் அணி இறுதிக்கு வரக் கூடாது.

இந்தத் தடவை மறைக்கவில்லை. தெரிந்தே ஆடு. எனக்காக ஒரு பந்தை விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால், கேப்டன் என்றும் பார்க்க மாட்டேன், தங்கை என்றும் பார்க்க மாட்டேன்.

சூறாவளிக்கும் ஏணிக்கும் என் அன்பைச் சொல்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் மிக நலம். உன் கடிதத்தை வேனில் சத்தமாகப் படித்தேன். டிரைவர் மறுபடி வண்டியை ஓரம்கட்டினார்.

பரீட்சை முடிந்த மறுநாளே பயிற்சி ஆரம்பித்துவிட்டோம். சூறாவளிகூட ஓடுகிறாள். இடதுபக்கக்காரி ஓர் அடி முன்னால் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். அணி கூடி ஒருமனதாக எடுத்த முடிவைக் கேப்டன் என்ற முறையில் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்:

அடுத்த வருடமும் உனக்கு மூன்றாமிட ஆட்டம்தான். காலையில் சீக்கிரமே வந்துவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
தங்கை